அக்காவின் பணத்தில் புக்கெட்டில் ஒரு வீடா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன், வயது 43. குடும்பத்தோடு இரண்டு முறை தாய்லாந்து போய் வந்தோம். புக்கெட்டில் ஒரு அபார்ட்மென்ட் வாங்க ஆசை, விலை நம் பணத்தில் 90 லட்சம். கையில் 40 இருக்கிறது. பொள்ளாச்சியில் மாமனார் தோப்பில் கொஞ்சம் விற்று 25 தருகிறேன் என்கிறார். மீதி 25-ஐ அக்காவிடம் கேட்கலாமா? மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணம். நாங்கள் போகாத நாட்களில் தினவாடகைக்கு விட்டுத் திருப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். அக்காவிடம் இன்னும் பேசவில்லை.

பதில்: பேச வேண்டாம். உங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் செய்த அக்கா அவர். தம்பி வந்து கேட்டால் அவரால் இல்லை என்று சொல்லவே முடியாது, அதனால்தான் கேட்கக் கூடாது என்கிறேன்.

நீங்கள் நம்பியிருக்கும் தினவாடகையும் நடக்காது. தாய்லாந்தில் ஹோட்டல் உரிமம் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. மாதக்கணக்கில் விடலாம், ஆனால் உங்களுக்கே பள்ளி லீவில் அந்த வீடு வேண்டுமே!

அப்புறம், 90 லட்சம் போதாது. வெளிநாட்டுக்கு ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் இப்படிச் சொத்து வாங்க அனுப்பும்போது 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிக்கும். 80 லட்சத்துக்கு 16 லட்சம். பிறகு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சமும் திரும்பி வரும், ஆனாலும் அனுப்புகிற அன்றைக்குக் கையில் ஒரு கோடியே ஆறு லட்சம் இருக்க வேண்டும். அந்த 16-க்கு யாரிடம் போவீர்கள்? வங்கி தராது, இந்த மாதிரி வெளிநாட்டு முதலீட்டுக்கு அனுப்பும் பணத்துக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாங்கிய பிறகும் வருடா வருடம் ரிட்டர்னில் அந்த வீட்டைக் காட்டவேண்டும், விட்டுப்போனால் 10 லட்சம் அபராதம் போடலாம்.

என் அப்பா தன் தம்பிக்கு லாரி வாங்கப் பணம் கொடுத்தார். சித்தப்பாவிடம் ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை, லோடு சரியாகக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மாரியம்மன் நோம்பிக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் எட்டு வருடம் ஓடியது. அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் பலகாரம் கொடுத்துவிடுவார். பிழைப்புக்காக வாங்கின கடனே எங்கள் வீட்டில் இப்படி ஆனது. நீங்கள் வாங்கப்போவது வருடத்தில் பத்து, பதினைந்து நாள் தங்குகிற வீட்டுக்கு, அதுவும் ஒரு பெண்ணின் கல்யாணப் பணம். பனியன் தொழிலில் பேமென்ட் ஆறு மாதம் தள்ளிப்போவது உங்களுக்குத் தெரியாததா? அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீடு அமைந்துவிட்டால் அக்கா உங்களிடம் வாய்விட்டுக் கேட்கக்கூட மாட்டார், நகையைக் கொண்டுபோய் வைப்பார்.

ஆசை தப்பில்லை. அந்த 40 லட்சம் உங்கள் உழைப்பு. அதை பேங்கில் போட்டு வரும் வட்டியிலேயே வருடம் ஒரு முறை புக்கெட்டில் நல்ல வீடாக வாடகைக்கு எடுத்துத் தங்கிவரலாம்.

மாமனார் விஷயம்தான் அவசரம். வாடல் நோயால் பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்காரர்கள் மரத்தை வெட்டிக்கொண்டிருக்கிற நேரம் இது, அவசரத்துக்கு விற்கிறார் என்று தெரிந்தால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். மருமகனுக்காக அவர் இந்நேரம் புரோக்கரிடம் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பார். இன்றைக்கே போன் போட்டு, “வேண்டாங்க மாமா, தோப்பு அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிடுங்கள்.