பழைய லேப்டாப்பை ரவுட்டராக்க மலிவான யூஎஸ்பி லேன் அடாப்டர் போதுமா?

போதும். ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள், உள்ளே என்ன சிப் என்று பாருங்கள்.

லேப்டாப்பில் ஒரே ஒரு லேன் போர்ட் இருக்கிறது, இன்டர்நெட்டுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு வேண்டும் என்கிறீர்கள். அதற்கு அடாப்டர் சரியான வழிதான். டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் போர்ட் பற்றவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால் இந்த வேலையே வேண்டாம், ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று வாங்கினால் முடிந்தது.

என் வீட்டில் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போட்ட பழைய லேப்டாப் ஒன்று மூன்று வருடமாக ரவுட்டர் வேலை பார்க்கிறது. முதலில் வாங்கியது ஒரு நீல நிறக் குட்டி அடாப்டர். பெட்டியில் யூஎஸ்பி 2.0, 100 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தது. செருகிவிட்டு, யூஎஸ்பியில் என்ன எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று காட்டும் 'எல்எஸ்யூஎஸ்பி -டி' (lsusb -t) என்ற லினக்ஸ் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் 12 எம், அதாவது 12 எம்பிபிஎஸ் என்கிறது. ஆக, உள்ளே இருந்தது யூஎஸ்பி 1.1 காலத்துச் சரக்கு! வேகம் 7 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. இப்போது அது மேசை டிராயரில் தூங்குகிறது.

அப்புறம் ரியல்டெக் ஆர்டிஎல்8153 சிப் உள்ள கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) அடாப்டர் வாங்கினேன். டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருப்பதால் செருகியதும் வேலை செய்தது. ஏசிக்ஸ் ஏஎக்ஸ்88179 சிப்புக்கும் அப்படித்தான். இவற்றை யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகினால்தான் முழு வேகம் கிடைக்கும். 2.0 போர்ட்டுக்குக் கணக்கு 480 எம்பிபிஎஸ் என்றாலும் கைக்கு வருவது 300 சொச்சம்தான். ராஸ்பெரி பை 3பி+ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் கிகாபிட் லேன் என்று சொல்லியும் 300 அளவிலேயே நிற்பதற்கு இதுதான் காரணம், அதன் லேன் உள்ளுக்குள் யூஎஸ்பி 2.0 வழியாகப் போகிறது. உங்கள் பிராட்பேண்ட் 100 அல்லது 200 எம்பிபிஎஸ் என்றால் 2.0 போர்ட்டே தாராளம்.

புது அடாப்டரிலும் வேகம் 94 எம்பிபிஎஸ்ஸில் அப்படியே நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடாப்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டு ஜோடியை மட்டும் முனையிலுள்ள பிளக்கில் இணைத்து கிரிம்ப் செய்திருந்தார்கள். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், இரண்டு ஜோடி 100 எம்பிபிஎஸ்ஸுக்குத்தான். 94 என்ற எண்ணைப் பார்த்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

லேப்டாப்பில் பிஎஃப்சென்ஸ் என்ற ரவுட்டர் மென்பொருளைப் போடும் எண்ணம் இருந்தால் யூஎஸ்பி அடாப்டரை நம்பி இறங்க வேண்டாம். அது ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் மேல் ஓடுவது, அங்கே இந்த அடாப்டர்கள் அவ்வப்போது தகராறு செய்யும். சாதாரண லினக்ஸ் அல்லது ரவுட்டருக்கென்றே உள்ள லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி தொல்லையில்லாதது.

இன்னொன்று, அடாப்டரை இன்டர்நெட் பக்கம் வையுங்கள், லேப்டாப்பின் சொந்தப் போர்ட்டை வீட்டுப் பக்கம் வையுங்கள். அடாப்டர் என்றைக்காவது மக்கர் செய்தாலும், இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து லேப்டாப்புக்குள் நுழைந்து என்ன ஆயிற்று என்று பார்க்க முடியும்.