சிஎஸ்ஆர் ப்ளூடூத் மாட்யூலை மாற்றியமைக்கும் மென்பொருள் ஏன் நமக்குக் கிடைப்பதில்லை?

சிஎஸ்ஆர் என்ற கம்பெனியின் சிப் வைத்த ப்ளூடூத் மாட்யூலைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று, அதன் பெயரை மாற்றும் மென்பொருளை மட்டும் ஏன் தர மறுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சிப் தயாரிப்பவரின் கண்ணில் நீங்கள் வாடிக்கையாளரே இல்லை. லட்சக்கணக்கில் வாங்கும் ஹெட்செட் கம்பெனிதான் வாடிக்கையாளர். 2015இல் சிஎஸ்ஆரை குவால்காம் என்ற பெரிய சிப் கம்பெனி வாங்கியது. சிப்பின் அமைப்புகளை மாற்றும் ப்ளூசூட் போன்ற மென்பொருள் கருவிகள் கம்பெனிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, நம்மை அல்ல.

பெயர், முகவரி எல்லாம் சிப்பின் உள்ளே ‘பிஎஸ் கீ’ என்ற அமைப்புகளாக இருக்கின்றன. யூஎஸ்பி டாங்கிள் என்றால் லினக்ஸின் பழைய பிசிசிஎம்டி கட்டளையால் அவற்றைப் படிக்கலாம், சிலவற்றை மாற்றலாம். ஆனால் சிஎஸ்ஆர் என்று பொய் சொல்லும் போலி டாங்கிள்கள் ஏராளம். அவற்றிடம் இது பலிக்காது. ஆடியோ மாட்யூல் என்றால் பெரும்பாலும் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் எஸ்பிஐ கால்களில் ஒயர் பற்றவைத்தாக வேண்டும்.

பெயர் மட்டும் மாறினால் போதுமா? ஹெச்சி-05 என்ற ப்ளூடூத் மாட்யூலை வாங்குங்கள். பட்டனை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால் விளக்கு இரண்டு நொடிக்கொரு முறை மெதுவாகச் சிமிட்டும். 38400 பாட் வேகத்தில் பெயரை மாற்றும் ஏடி கட்டளையை (மாட்யூலுக்கு எழுத்தில் அனுப்பும் உத்தரவு) அனுப்பினால் முடிந்தது.

புதிதாகத் தொடங்குபவர் ப்ளூடூத் உள்ள ஈஎஸ்பி32 என்ற சிப்பின் பக்கம் போவதே நல்லது. அதன் கருவிகளை யாரிடமும் கெஞ்சாமல் இறக்கிக்கொள்ளலாம்.