பழைய பதிப்புக்குத் திரும்பிய சர்வர், டேட்டா டிஸ்க்கைத் திறக்க மறுப்பது ஏன்?

கேள்வி: எங்கள் சர்வரில் ராக்கி லினக்ஸ் 9 இருந்தது. ஒரு பழைய மென்பொருளுக்காக சிஸ்டம் டிஸ்க்கை மட்டும் அழித்து ராக்கி லினக்ஸ் 8 போட்டோம். டேட்டா இருக்கும் எக்ஸ்எஃப்எஸ் (லினக்ஸின் ஒரு கோப்பு முறைமை) டிஸ்க்கைத் தொடவே இல்லை. இப்போது அதை மவுண்ட் செய்தால் (இணைத்துத் திறந்தால்) “பேட் சூப்பர்பிளாக்”, அதாவது கோப்பு முறைமையின் அடிப்படை விவரப் பகுதி சரியில்லை, என்கிறது. எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை ‘எல்’ விருப்பத்துடன் ஓட்டச் சொல்கிறார் நண்பர். ஓட்டலாமா? டேட்டா போய்விட்டதா?

பதில்: வேண்டாம், ஓட்டாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டேட்டா பத்திரமாக இருக்கிறது. டிஸ்க்கில் கோளாறு இருப்பதற்கான அறிகுறியே இல்லை.

மவுண்ட் கட்டளை காட்டும் பிழைச் செய்தியை முழுதாகப் படித்துப் பாருங்கள். “ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்” என்று நாலைந்து காரணங்களை ஒரே மூச்சில் அடுக்கும். எது உண்மைக் காரணம் என்று அதற்கே தெரியாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரியும். அதன் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையின் கடைசி வரிகளைப் பாருங்கள். “சூப்பர்பிளாக் ஹேஸ் அன்நோன் இன்கம்பாட்டிபிள் ஃபீச்சர்ஸ் (0எக்ஸ்8) எனேபிள்டு” என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். எனக்குப் புரியாத வசதி ஒன்று இதில் இருக்கிறது, அதனால் கை வைக்க மாட்டேன் என்கிறது கெர்னல். அந்த 8 என்ற எண் பிக்டைம் என்ற வசதியைக் குறிக்கிறது.

பிக்டைம் வந்ததே 2038-ஆம் ஆண்டுச் சிக்கலுக்காக, அதாவது பழைய நேரக் கணக்கு அந்த ஆண்டோடு தீர்ந்துவிடும் என்பதற்காக. கோப்புகளின் நேரமுத்திரை 2038-ஐத் தாண்டி 2486 வரை போக இது வழி செய்கிறது. கூடவே ஐனோபிடிகவுண்ட் என்று இன்னொன்று, பெரிய டிஸ்க்குகள் சீக்கிரம் மவுண்ட் ஆவதற்காக. இரண்டும் லினக்ஸ் கெர்னல் 5.10-இல் சேர்ந்தவை. ராக்கியும் சேர்ந்த ரெட் ஹேட் 9 குடும்பத்தில் டிஸ்க்கை ஃபார்மட் செய்தால், நீங்கள் கேட்காமலே இரண்டும் சேர்ந்துவிடும். 8-இன் கெர்னலுக்கோ பிக்டைம் என்றால் என்னவென்றே தெரியாது.

கவனிக்க வேண்டியது, டிஸ்க்கை *எந்தப் பதிப்பில் ஃபார்மட் செய்தீர்கள்* என்பதைத்தான். 8-இல் ஃபார்மட் செய்த டிஸ்க்கை 9-இல் வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு மறுபடி 8-க்குக் கொண்டுவந்தாலும் பொதுவாகத் திறக்கும். வெறுமனே மவுண்ட் செய்வதால் எக்ஸ்எஃப்எஸ் தானாக இந்த வசதிகளைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே உங்கள் டிஸ்க் 9 வந்த பிறகு ஃபார்மட் ஆனதாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, நண்பர் சொன்ன ‘எல்’ விருப்பத்துக்கு வருவோம். அது பதிவேட்டை, அதாவது ஜர்னலை, அப்படியே துடைத்துவிடும். கடைசி நேரத்தில் நடந்த மாற்றங்கள் அதில் காத்திருந்தால் அவையும் போய்விடும். 8-இல் உள்ள பழைய ரிப்பேர் கருவி இந்த டிஸ்க்கைப் பார்த்ததுமே, புரியாத வசதிகள் இருக்கின்றன என்று விலகிவிடும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். அப்புறம் யாராவது புதிய கருவியைத் தேடிப் பிடித்து அதே விருப்பத்தைக் கொடுத்தால்தான் ஆபத்து.

அந்த வசதியை மட்டும் நீக்கிவிட முடியாதா என்று கேட்பீர்கள். எக்ஸ்எஃப்எஸ்-இல் முடியாது. எக்ஸ்எஃப்எஸ் அட்மின் கருவியால் பிக்டைமைச் சேர்க்கலாம், எடுக்க வழியில்லை. படிக்க மட்டும் திறக்கலாமா என்றால், இந்த வகை வசதிக்கு அதுவும் கிடையாது. ரீஃப்ளிங்க் (கோப்புகள் டிஸ்க் இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் வசதி) போன்ற சில வசதிகள் பரவாயில்லை. தெரியாத கெர்னல்கூட எழுத விடாமல் படிக்க மட்டும் அனுமதிக்கும். பிக்டைம் அந்தப் பட்டியலில் இல்லை.

எனவே டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு நகலெடுப்பதுதான் வழி. 8-இல் இருந்தபடி புது டிஸ்க் ஒன்றை ஃபார்மட் செய்யுங்கள். பிறகு 9-இன் நிறுவல் ஐஎஸ்ஓவில் சர்வரை பூட் செய்து ரெஸ்க்யூ முறைக்குப் போங்கள். அங்கே இரண்டு டிஸ்க்கும் மவுண்ட் ஆகும். நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் வழக்கமான ‘ஏ’ மட்டும் போதாது. ஹார்ட்லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்), கூடுதல் பண்புகள் மூன்றும் வர பெரிய எழுத்தில் ஹெச், ஏ, எக்ஸ் என்ற விருப்பங்களையும் சேருங்கள். விர்ச்சுவல் மெஷின் இமேஜ்கள் இருந்தால் இடம் போதுமா என்று முன்கூட்டியே பாருங்கள். ரீஃப்ளிங்க் மூலம் இடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த கோப்புகள் நகலெடுக்கும்போது தனித்தனியாகப் பிரிந்துவிடும். இடையில் வெற்றிடம் உள்ள கோப்புகளும் பெரிய எழுத்து ‘எஸ்’ விருப்பம் இல்லாவிட்டால் ஊதிவிடும். முடிந்ததும் முறையாக அன்மவுண்ட் செய்துவிட்டு 8-க்குத் திரும்புங்கள். நகலைச் சரிபார்த்து, பேக்கப்பும் எடுத்த பிறகே பழைய டிஸ்க்கைத் தொடலாம்.

இனிமேல் 9-இல் ஃபார்மட் செய்யும் டிஸ்க் என்றாவது 8-க்குப் போகலாம் என்ற சந்தேகம் இருந்தால், ஃபார்மட் செய்யும்போதே ‘எம்’ விருப்பத்தில் பிக்டைம், ஐனோபிடிகவுண்ட் இரண்டையும் 0 என்று கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள டிஸ்க்கில் இவை இருக்கின்றனவா என்று 9-இல் எக்ஸ்எஃப்எஸ் இன்ஃபோ காட்டிவிடும்.

லினக்ஸின் இன்னொரு கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 இந்த விஷயத்தில் கொஞ்சம் இளகிய மனசுக்காரர். 2023-இல் வந்த அதன் கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்புரோக்ஸ் 1.47.0, ஆர்ஃபன் ஃபைல் என்ற வசதியை இயல்பாகவே சேர்க்கத் தொடங்கியது. டிஸ்க்கைச் சோதிக்கும் பழைய எஃப்எஸ்செக் கருவி அதைப் பார்த்தால் “ஃபீச்சர் சி12” என்று முனகி, புதிய பதிப்பை எடுத்து வா என்று நின்றுவிடும். பூட் நேரத்தில் இப்படி நடந்தால் சர்வர் எமர்ஜென்சி முறையில் உட்கார்ந்துகொள்ளும், பார்ப்பவருக்கு டிஸ்க்கே செத்தது போலத் தோன்றும். முறையாக அன்மவுண்ட் ஆன டிஸ்க் என்றால், அதே பழைய கெர்னல் பெரும்பாலும் சிக்கலில்லாமல் மவுண்ட் செய்துவிடும். அதே தொகுப்பின் புதிய பதிப்பில் உள்ள டியூன்2எஃப்எஸ் கருவி கொண்டு, டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில், அந்த வசதியை நீக்கியும் விடலாம்.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வைத்திருப்பவர்கள் இசட்பூல் அப்கிரேடு கட்டளையைப் போகிற போக்கில் தட்டாமல் இருந்தால் போதும், அது ஒருவழிப் பாதை. விண்டோஸ் சர்வரின் ரீஎஃப்எஸ் கோப்பு முறைமை இன்னும் மோசம்: புதிய விண்டோஸில் எழுதும் அனுமதியோடு மவுண்ட் செய்தாலே அது தானாகப் பதிப்பை உயர்த்திக்கொள்ளும், பழைய விண்டோஸ் அதை அதன்பிறகு திறக்காது.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. அந்தப் பழைய மென்பொருளுக்காக சர்வர் முழுவதையும் பின்னுக்கு இழுக்கத்தான் வேண்டுமா? 9-ஐயே வைத்துக்கொண்டு 8-ஐ ஒரு கன்டெய்னரில் ஓட்டினால் கெர்னல் 9-இனுடையதுதான், எனவே டிஸ்க் பிரச்சினையே எழாது. மென்பொருளுக்கென்று தனி கெர்னல் மாட்யூல் வேண்டுமென்றால் கன்டெய்னர் உதவாது, விர்ச்சுவல் மெஷின் வேண்டும். நகலெடுக்க இன்னொரு டிஸ்க் வாங்குவதற்கு முன் மென்பொருள் நிறுவனத்திடம் இதைக் கேட்டுவிடுங்கள்.