கோத்தகிரி: சக ஊழியர்களிடம் நிதி திரட்டியதற்கு மெமோ கொடுக்க முடியுமா?

சக ஊழியர்களிடம் நிதி திரட்டியதற்காக நிர்வாகம் உங்களுக்கு மெமோ (விளக்கம் கேட்கும் கடிதம்) கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேயிலைத் தொழிற்சாலை வளாகத்துக்குள், வேலை நேரத்தில், அனுமதியின்றிப் பணம் திரட்டியிருந்தால் மெமோ கொடுக்க முடியும். மண்சரிவில் வீடிழந்த சக தொழிலாளியின் குடும்பத்துக்காகத்தான் திரட்டினீர்கள் என்பது உங்கள் விளக்கத்துக்கு வலுச் சேர்க்குமே தவிர, விதியை விலக்கிவிடாது. வேலை முடிந்தபின் வெளியே நண்பர்களிடம் கேட்பது வேறு விஷயம்.

நீங்கள் மேஸ்திரி என்பதும், சம்பள நாளன்று பட்டுவாடா நடக்கும் இடத்திலேயே வசூல் நோட்டுப் புத்தகத்துடன் நின்றதும்தான் மெமோவுக்குக் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நாளை வேலை பிரித்துக் கொடுக்கப்போகிறவர் கேட்கும்போது, கொடுக்க மனமில்லாதவராலும் மறுக்க முடிவதில்லை. யாரோ ஒருவர் முறையிட்டிருந்தால் அவர்மீது கோபப்படாதீர்கள். அந்த நெருக்கடி உண்மையானது.

பதில் எழுதுமுன் நிலையாணைகளை (நிறுவனத்தின் பணி, ஒழுங்கு விதிகளை) வாங்கிப் படியுங்கள். அனுமதியின்றி வளாகத்தில் பணம் வசூலிப்பதைப் பல நிறுவனங்களின் நிலையாணைகள் ஒழுங்கீனமாகவே குறிப்பிடுகின்றன. அப்படியொரு பிரிவு இருந்தால், நோக்கத்தையும் வசூலான தொகையையும் அது சென்று சேர்ந்த விதத்தையும் மறைக்காமல் எழுதி, இனி முன்அனுமதி பெறுவதாகச் சொல்லுங்கள். நன்கொடையாளர் பட்டியலை மட்டும் எவரிடமும் காட்ட வேண்டாம்.

சிறிய தொழிற்சாலையாக இருந்தால் நிலையாணைகளே இல்லாமல் இருக்கலாம்; அப்போது பணி நியமனக் கடிதத்தைப் பாருங்கள். ஒருவேளை நிர்வாகமே சம்பளத்தில் பிடித்துத் தருவதாகச் சொன்னால், ஒவ்வொருவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் இல்லாமல் அதற்கு இணங்காதீர்கள். சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்களைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.