வலி இல்லை, எக்ஸ்ரேயில் மட்டும் கறுப்பு: பல்லை எடுக்க வேண்டுமா?

கேள்வி: ஓராண்டுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட்டேன். வலியோ வீக்கமோ இல்லை. இப்போது வேறொரு கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "வேர் நுனியில் கறுப்பாக இருக்கிறது, கிருமி போகவில்லை, எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வையுங்கள்" என்கிறார்கள். எடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எடுக்காதீர்கள். ரூட் கெனால் செய்த அன்று எடுத்த எக்ஸ்ரேயை முதலில் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கறுப்பு கிருமியல்ல. வேருக்குள் இருந்த கிருமியோடு உடல் போராடியதில் எலும்பு கரைந்த இடம் அது. உள்ளே சுத்தம் செய்த பிறகு அந்தக் குழி மெதுவாகத்தான் எலும்பால் நிரம்பும். சிலருக்கு நான்கு ஆண்டுகள்கூட ஆகும். ஒரே ஒரு படத்தைப் பார்த்து, அது ஆறுகிறதா வளர்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய படத்தில் இருந்ததைவிடச் சிறுத்திருந்தால் ஆறிக்கொண்டிருக்கிறது.

சுவீடனில் ரூட் கெனால் செய்துகொண்ட 356 பேரை 8 முதல் 10 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து 1990இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன்பே இந்தக் கறுப்பு நிழல் இருந்த பற்களில் 86 சதவீதம் ஆறியிருந்தன. ஏற்கெனவே ரூட் கெனால் செய்து நிழலோடு இருந்தவற்றுக்கு மறுபடி செய்தபோதுகூட 62 சதவீதம் ஆறின. பிடுங்கச் சொல்லும் முன் இந்த எண்களை உங்களிடம் யாராவது சொன்னார்களா?

சில இடங்களில் 'சிகிச்சை ஆலோசகர்' என்று ஒருவர் தவணைத் திட்டத்தோடு உட்கார்ந்திருப்பார். அவர் மருத்துவரல்ல, விற்பவர். அவரிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'கிருமிக்கு' என்று ஆன்டிபயாடிக் எழுதித் தந்தாலும் ஏன் என்று கேளுங்கள். உயிரற்ற வேர்க்குழாய்க்குள் ரத்த ஓட்டம் இல்லை. மாத்திரை அங்கே எப்படிப் போகும்?

நிழல் பெரிதாகியிருந்தால் வேர்ச் சிகிச்சை நிபுணரிடம் மறுசிகிச்சை பற்றிப் பேசுங்கள். ஒரு வேர்க்குழாய் சுத்தம் செய்யாமல் விடுபட்டிருக்கலாம், கேப்பின் ஓரம் கசிந்திருக்கலாம். ரப்பர் டேம் என்னும் ரப்பர் திரையைப் பல்லைச் சுற்றி மாட்டாமல் வேலையைத் தொடங்குபவரிடம் செய்துகொள்ள வேண்டாம். எச்சில் உள்ளே போனால் புதிய கிருமியும் கூடவே போகும்.

காப்பாற்ற முடியாத பல்லும் உண்டு: வேர் நெடுக்காக விரிசல் விட்ட பல். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். ஈறைச் சுற்றி அளவுகோல் கம்பியால் தொட்டுப் பார்க்கும்போது, மற்ற இடமெல்லாம் சரியாக இருக்க, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் குறுகலாக ஆழத்துக்கு இறங்கும். ஈறின் விளிம்பை ஒட்டிச் சீழ்ப் பரு வரலாம். நிழலும் நுனியில் நிற்காமல் வேரின் பக்கவாட்டில் ஏறியிருக்கும். சிபிசிடி என்னும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனிலும் மெல்லிய விரிசல் தப்பிவிடும், குழாயில் அடைத்த பொருளே படத்தைக் கலைத்துவிடுவதால். சில நேரம் ஈறைத் திறந்து கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். உறுதியானால் எடுக்கத்தான் வேண்டும். கம்பியால் தொட்டே பார்க்காமல் "விரிசல்" என்றால் நம்பாதீர்கள்.

என் கோபமெல்லாம், உங்கள் பல்லின் படத்தை உங்கள் கையில் கொடுக்காமல் அனுப்பும் வழக்கத்தின் மேல்தான். ஓராண்டு கழித்து வாருங்கள் என்று கூப்பிடுவதும் இல்லை. பழைய படம் கிடைக்காவிட்டால் இன்றைய படத்தைப் பத்திரப்படுத்தி, ஆறு மாதம் கழித்து அதே கோணத்தில் இன்னொன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் வலி, வீக்கம், சீழ்ப் பரு எது வந்தாலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம்.