பைசா வட்டியிலிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள்

கேள்வி: கோத்தகிரி அருகே மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றுக்கு ஆறு மாதமாக வட்டிக் கணக்கு சொல்லித் தருகிறேன். ஆனாலும் கடன் வாங்கும்போது எல்லோரும் மாதத் தவணையை மட்டுமே பார்க்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: தவணையைப் பார்ப்பதை அறியாமை என்று எண்ண வேண்டாம். பச்சைத் தேயிலைக்கு வரும் பணத்தில் அந்தத் தொகை அடங்குமா என்பதுதான் வீட்டை நடத்துபவரின் முதல் கவலை. அதற்கு மனம் கண்டுகொண்ட குறுக்குவழி அது. இத்தகைய குறுக்குவழிகள் பெரும்பாலும் கைகொடுக்கும் என்றும், சில இடங்களில் எல்லோரையும் ஒரே விதமாகத் தவறச் செய்யும் என்றும் உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1974-இல் எழுதினார்கள். டொமினிகன் குடியரசில் சிறுதொழில் செய்வோரிடையே நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வொன்றில், முறையான கணக்கியல் படித்தவர்களைவிட, 'தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனியே வையுங்கள்' என்பது போன்ற எளிய விதிகளைக் கற்றவர்களிடமே நல்ல மாற்றம் தெரிந்தது.

உங்கள் குழுவினர் அனைவருக்கும் தெரிந்த விதி பைசா வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் என்றால் 2 பைசா வட்டி, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். அவர்கள் ஏமாறுவது 'நிலையான 12 சதவீதம்' (flat rate: முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி) என்னும் கடனில்தான், ஏனெனில் அது 1 பைசா வட்டி போலவே காதில் விழுகிறது. 12 மாதத்தில் அடைக்கும் 10,000 ரூபாய்க் கடனுக்கு, மாத அசலுக்கு ஒன்றாக 12 அவரைக் கொட்டைகளை மேசையில் வைத்து, மாதத்திற்கு ஒன்றாக எடுக்கச் சொல்லுங்கள். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மாதந்தோறும் 100 ரூபாயாகவே நிற்கும். ஏழாம் மாதம் மீதி அசல் 5,000. அப்போது அது 2 பைசா வட்டி. கடைசிக் கொட்டை மட்டும் இருக்கையில் அசல் ஏறக்குறைய 833 ரூபாய், வட்டி அதே 100; அந்த மாதம் 12 பைசா வட்டி! முழுக் கடனுக்கும் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 21.5 சதவீதம் வருகிறது. இதைக் கையால் எடுத்துப் பார்த்தவர் எளிதில் மறக்கமாட்டார்.

அடுத்து, ஒரே ஒரு கேள்வியைப் பழக்குங்கள்: "ஆண்டுச் சதவீத விகிதம் எவ்வளவு?" ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் புதிய சில்லறைக் கடன்களுக்கு இந்த விகிதத்தைக் குறிப்பிட்ட விவரத்தாளை, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வட்டியோடு கட்டணங்களும் அந்த விகிதத்தில் சேர்ந்திருக்கும். அந்த எண்ணைப் பன்னிரண்டால் வகுத்தால் பைசா வட்டி கிடைத்துவிடும்.

பாடத்தைக் கடன் கேட்கும் நாளுக்கு நெருக்கமாக வையுங்கள். ஆறு மாதம் முன்பு கேட்டது அன்றைக்கு நினைவில் நிற்காது. அடுத்த கூட்டத்திற்கு யாரேனும் ஒருவரின் பழைய கடன் அட்டையை, அவர் சம்மதித்தால், பெயரை மறைத்துக் கொண்டுவந்து, கொட்டைகளோடு அதையே கணக்குப் போடுங்கள்.