விரால் தீவனத்தில் மீன் எண்ணெயைக் குறைக்க முடியுமா?

கேள்வி: ஐயா, மேலூர் பக்கம் ஒரு ஏக்கர் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறேன். பக்கத்திலேயே தார்ப்பாய்த் தொட்டியில் விரால் வளர்க்கிறேன். தீவனம் நானே அரைக்கிறேன். விரால் தீவனத்தில் 100 கிலோவுக்கு 30 கிலோ கருவாட்டுத் தூளும் 4 கிலோ மத்தி எண்ணெயும் சேர்க்கிறேன். கெண்டைக்குத் தவிடு, கடலைப் புண்ணாக்கோடு 2 கிலோ மத்தி எண்ணெய். விலை கட்டுப்படியாகவில்லை. பதிலாகக் கடலை எண்ணெய், பாமாயில் ஊற்றலாமா? பரோட்டாக் கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது, அது ஆகுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொரித்த எண்ணெய் வேண்டவே வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உருவாகும் நச்சுப் பொருள்கள் மீனின் ஈரலைத்தான் முதலில் தாக்கும். ஜப்பானில் சிக்குப் பிடித்த, அதாவது கொழுப்புக் கெட்டுப்போன பட்டுக் கூட்டுப்புழுவைத் தின்ற கெண்டைகளுக்கு முதுகுச் சதை வற்றிப்போன நோயே உண்டு. கெட்ட கொழுப்பு அவ்வளவு தூரம் போகும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக உங்கள் தொட்டியில் அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

கெண்டைக் குட்டைக்கு மத்தி எண்ணெய் தேவையே இல்லை. இன்றைக்கே நிறுத்துங்கள், மாற்று எண்ணெயும் வேண்டாம். மத்தி எண்ணெயைச் சேர்ப்பதே அதிலுள்ள ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்புக்காகத்தான். அந்தக் கொழுப்பை மீன் பெரும்பாலும் தானாக உண்டாக்குவதில்லை. தண்ணீரில் இருக்கும் நுண்பாசிதான் உண்டாக்குகிறது. அந்தப் பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களைக் கட்லா தின்கிறது. சாணம் இட்டு உங்கள் குட்டை பச்சை நிறத்தில் இருந்தால் அந்தக் கொழுப்பு அங்கேயே விளைகிறது. போதாததற்கு, எண்ணெய் எடுக்காத தவிட்டில் 12 முதல் 18 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. செக்குப் புண்ணாக்கிலும் 7, 8 சதவீதம் நிற்கும். இதற்கு மேல் ஊற்றினால் ரோகுவின் வயிற்றில் கொழுப்புதான் சேரும், சதை சேராது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஆலையிலிருந்து வந்த தவிடு சில நாள்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். மூட்டையாக அடுக்கி வைக்காமல் வாராவாரம் வாங்குங்கள்.

விரால் விஷயம் வேறு. அது ஊன் தின்னி, தார்ப்பாய்த் தொட்டியில் அதற்கு வேறு போக்கும் இல்லை, நீங்கள் கொடுப்பதுதான் எல்லாம். ஆனால் உங்கள் கணக்கிலேயே ஒரு மீதம் ஒளிந்திருக்கிறது. கருவாட்டுத் தூளில் சுமார் 8 சதவீதம் கொழுப்பு என்று வைத்தாலும் 30 கிலோவில் 2.4 கிலோ மீன் கொழுப்பு ஏற்கெனவே உள்ளே போகிறது. அதனால் 4 கிலோ மத்தி எண்ணெயை 2 கிலோவாகக் குறைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. மீதி 2 கிலோவுக்குத் தாவர எண்ணெய் சேர்க்கலாம்.

எந்த எண்ணெய் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பாமாயில் சக்தி கொடுக்கும், அவ்வளவுதான். கடலை, சூரியகாந்தி எண்ணெய்களில் ஒமேகா-6 என்ற வேறு வகைக் கொழுப்பு மிகுதி, ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். சோயா எண்ணெயில் 7 சதவீதம் அளவுக்கு ஒமேகா-3 இருக்கிறது. ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். நன்னீர் மீன்கள் இந்தத் தாவர ஒமேகா-3ஐ ஓரளவு தங்களுக்கு வேண்டிய, மீன் எண்ணெயில் உள்ளதுபோன்ற நீண்ட வகைக் கொழுப்பாக மாற்றிக்கொள்ளும். கடல்மீனுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. எனவே 1 கிலோ சோயா எண்ணெய், 1 கிலோ ஆளி விதை எண்ணெய் என்று கலந்துகொள்ளுங்கள். ஹார்டுவேர் கடையில் மர வேலைக்கு விற்கும் ஆளி எண்ணெயை மறந்தும் வாங்காதீர்கள். சீக்கிரம் உலர்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். உணவுக்கான எண்ணெய் என்று கேட்டுச் சிறு டப்பாவாக வாங்குங்கள். அது வெகு விரைவில் கெடும், வெயில் படாமல் வைக்க வேண்டும். 100 கிலோ தீவனத்துக்கு 50 சதவீத வைட்டமின் ஈ தூள் 20 கிராம் சேர்த்தால் கொழுப்பும் காக்கப்படும், மீனும் காக்கப்படும்.

ஒரே நாளில் மாற்றாதீர்கள். விரால் வாசனை பார்த்துத் தின்னும் மீன். முதல் வாரம் அரைக் கிலோ, அடுத்த வாரம் ஒரு கிலோ என்று மத்தி எண்ணெயைக் குறைத்து, அதே அளவு கலவையைக் கூட்டுங்கள். தீவனம் மிஞ்சினால் ஒரு படி பின்னால் போங்கள். விற்பனைக்கு ஆறேழு வாரம் இருக்கும்போது பழையபடி முழு மத்தி எண்ணெய்க்குத் திரும்பிவிடுங்கள், மீனின் சதையில் நல்ல கொழுப்பு மீண்டும் ஏறும். நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990 வாக்கில் மீன் தூள், மீன் எண்ணெய் போன்ற கடல் சார்ந்த பொருள்கள் 90 சதவீதம் இருந்தன, 2013இல் 30 சதவீதம் அளவுக்குக் குறைந்தன. அவ்வளவு பெரிய தொழிலும் படிப்படியாகத்தான் இறங்கியது. விலை உயர்வும் நம் ஊர் வியாபாரியோடு முடிவதில்லை. 2023இல் பெரு நாட்டில் நெத்திலி மீன்பிடிப்பின் முதல் பருவமே ரத்தானபோது உலகச் சந்தையில் மீன் எண்ணெய் விலை எகிறியது. நம் மத்தியும் எல்லா ஆண்டும் ஒரே அளவு கிடைப்பதில்லை. அதனால் இந்தக் கலவையை இப்போதே பழகிக்கொள்வது உங்களுக்கு நல்லது.

மாதம் ஒரு விராலை அறுத்து ஈரலைப் பாருங்கள். செம்பழுப்பாக, உறுதியாக இருந்தால் அப்படியே தொடருங்கள். வெளுத்து மஞ்சளாகி, தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டினால் மொத்த எண்ணெயில் ஒரு கிலோவைக் குறைத்துவிட்டு, இருப்பில் உள்ள எண்ணெய் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள்.